வழி பார்த்துக் கொடுத்தவன்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற அவனுக்கு 'மேப்பு' என்று பட்டப்பெயர் வைத்தது அவனுடைய மச்சான், பெண்டாட்டியின் தம்பி. மச்சானும் அவன் கூட்டாளியான வெல்டரும், பனிமலை தாண்டி ஆளரவமில்லாத மேட்டுநிலத்தை பைக்கிலேயே கடப்பது என்று பேச்செடுத்த நாளிலிருந்து மேப்புக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மாமா, வழியை நீங்க பாத்துக்குங்க. எங்களுக்கு அதுக்கெல்லாம் மண்டை கிடையாது," என்றிருந்தான் மச்சான்.

சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கையில் போன். எந்தக் கணவாய் எப்போது திறக்கும், எங்கே பெட்ரோலைக் கேனில் சுமக்க வேண்டும், எந்த ஆற்றைப் பனி உருகித் தண்ணீர் ஏறுவதற்குள் தாண்ட வேண்டும், எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்டரின் பட்டறையில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பேசுவான். அவர்கள் தலையாட்டுவார்கள், நடுநடுவே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மலைத்துப் போயிருக்கிறார்கள் என்று இவன் எடுத்துக்கொண்டான். தன் பழைய பைக்குக்குப் புது டயர் போட்டான். பெட்டி மாட்டுகிற ஸ்டாண்டை வெல்டரே பற்றவைத்துக் கொடுத்தான்.

கிளம்பும் நாள் காலையில் பெட்டி, கூடாரம் சகிதம் பட்டறை வாசலில் போய் இறங்கினான். இரண்டு பைக்குகள் உறுமிக்கொண்டு நின்றன. மச்சான் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"வழியனுப்பவா இவ்வளவு மூட்டை?"

மேப்பு சிரித்தான். மச்சான் சிரிக்கவில்லை.

"நீங்க வர்றதா யாரு மாமா சொன்னா?"

"வழி பூரா நான்தானே..."

"வழி பாக்கச் சொன்னோம், வரச் சொல்லலையே. ஸ்பீடு பிரேக்கரைக் கண்டாலே இறங்கித் தள்ளுற ஆளு நீங்க. அங்க வந்து விழுந்தா யார் தூக்குறது? கூட்டிட்டுப் போகாதேன்னு அக்காவே சொல்லிட்டா."

மேப்பு வெல்டர் பக்கம் திரும்பினான். "நீதானே ஸ்டாண்டு அடிச்சுக் குடுத்த?"

"கேட்டீங்க, அடிச்சேன். கேஸ் சிலிண்டர் தூக்கவோ என்னமோன்னு நெனச்சேன்."

வருஷம் பூரா பேசியதை மேப்பு மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். 'நாம' என்று சொன்னதெல்லாம் அவன்தான். அவர்கள் வாயிலிருந்து அந்தச் சொல் ஒரு தடவைகூட வந்ததாக ஞாபகமில்லை.

"கொண்டு வந்தது வந்தீங்க, அந்தக் கூடாரத்தைக் குடுங்க. எங்களுது ஒழுகுது," என்றான் மச்சான்.

முடிச்சு இறுகியிருந்தது. வெல்டர் கத்தியை நீட்டினான். மேப்பு கயிற்றை அறுத்துக் கொடுத்தான்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா வழி பாத்துக் குடுத்திருப்பீங்களா? என் தம்பி அங்க போய்த் தொலைஞ்சு போகவா?" தலை நிமிராமலே சொன்னாள். "லீவைக் கேன்சல் பண்ணுங்க மொதல்ல."

அந்த வாரக் கடைசியில், கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஈரக் கையோடு எடுத்தான்.

"மாமா, ரோடு ரெண்டாப் பிரியுது. இருட்டிக்கிட்டு வருது. எந்தப் பக்கம்?"

வலது பக்கப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது அவனுக்குத் தெரியும். அந்தச் சரிவில் இறங்கினால் பைக்கோடு திரும்ப ஏற முடியாது. 'வலது' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு, போனில் காற்று இரைவதைக் கேட்டபடி நின்றான். மச்சானின் குரல் நடுங்கியது. கேட்க இனித்தது.

"மாமா? இருக்கீங்களா?"

"இடது," என்றான். "ஆறு வரும். இன்னிக்கு இறங்காதீங்க, விடிஞ்சதும் கடங்க."

மச்சான் போனை வைக்க மறந்துவிட்டான்.

"சொன்னேன்ல," அவன் வெல்டரிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது. "அடிச்சு விரட்டினாலும் வாலாட்டிக்கிட்டு வந்து நிப்பாரு எங்க மாமா."

இருவரும் சிரித்தார்கள். அது என்ஜின் சத்தத்தில் அமுங்கும்வரை மேப்பு போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். கூடாரத்தைக் காற்று கிழித்துவிட்டதாம். அங்கேயே விட்டுவிட்டு வந்தார்களாம். மச்சான் வெயிலில் கறுத்துப்போன முகத்தோடு அக்கா வீட்டில் உட்கார்ந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

"அடுத்த வருஷம் பாலைவனம் பக்கம் போறோம் மாமா. வழி பாத்து வைங்க."

மேப்பு குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினான்.

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு," என்றான் மச்சான், யோசிக்காமல்.