மூன்றாம் அட்டவணையின் கடைசி நான்கு வரிகள்

ரம்யாஸ்ரீ அடித்துக் கொடுத்த ஆய்வேடுகளால் இதுவரை நாற்பத்து மூன்று பேர் முனைவர் ஆகியிருக்கிறார்கள். அவள் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. தல்லாகுளத்தில் ஒரு சந்துக்குள், ஜெராக்ஸ் கடையை ஒட்டிய சின்ன அறைதான் அவளுடைய டி.டி.பி. சென்டர். பதினோரு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். எல்லா ஆய்வேட்டிலும் நன்றியுரையின் கடைசியில் 'பிழையின்றித் தட்டச்சு செய்து உதவிய ரம்யாஸ்ரீ அவர்களுக்கும்' என்று ஒரு வரி வரும். அதையும் அவளேதான் அடிப்பாள். வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவளுடைய போனுக்கு ஒரு மெயில் வந்தது. 'மதிப்பிற்குரிய டாக்டர் சுந்தரவல்லி' என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. ஓர் ஆய்விதழ் அந்த டாக்டரிடம், ஒரு கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டிருந்தது.

யார் வீட்டு மெயிலோ வழி தவறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கட்டுரையின் தலைப்பைப் பார்த்தாள். திருவாதவூர்ப் பக்கத்துக் கிணறுகளில் ஃபுளோரைடு. மூன்று வாரத்துக்கு முன்னால் அவளே அடித்து, அவளே அந்த இதழுக்கு அனுப்பி வைத்த கட்டுரை. எழுதியவன் அசோக்குமார், ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்.

அனுப்பிய அன்று அசோக்குமார் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. "அக்கா, கட்டுரையைப் படிச்சுப் பாத்து சரியா தப்பான்னு சொல்ல ரெண்டு பேராசிரியர் பேரு கேக்குறாய்ங்க. இந்தாங்க பேரு. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு மெயில் ஐடி ஓபன் பண்ணிருங்க."

ரேஷன் கார்டுக்கு வருகிறவர்களுக்கும் பரீட்சைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களுக்கும் ஐடி திறந்து கொடுத்துப் பழகிய கை. யோசிக்கவே இல்லை. வழக்கம்போலத் தன்னுடைய போனிலேயே, தன் நம்பரையே போட்டுத் திறந்துவிட்டாள்.

அசோக்குமாருக்குப் போன் போட்டாள்.

"வந்துருச்சாக்கா? சூப்பரு. நீங்க என்ன எழுதணும்னு வாட்ஸ்அப்புல ஒரு பக்கம் அனுப்புறேன். அப்படியே ஒட்டி அனுப்பிவிட்ருங்க."

"இது அந்தம்மாவுக்குத் தெரியுமா தம்பி?"

"எந்தம்மா?"

"சுந்தரவல்லிம்மா."

"அட போங்கக்கா. அவங்களுக்கு இதுக்கெல்லாம் நேரமேது? எல்லாரும் இப்படித்தான் செய்றாய்ங்க."

"கேஸு கீஸுன்னு வந்தா என் நம்பர்லதான தம்பி வந்து நிக்கும்?"

"யாருக்கா இதையெல்லாம் தோண்டப் போறா? வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டுரையை ஏத்துக்கிட்டோம்னு கடுதாசி வந்தாத்தான் வேலைக்கு எழுதிப் போட முடியும். இன்னும் எம்புட்டு வருசத்துக்கு கௌரவமா பட்டினி கெடக்குறது?"

போனை வைத்ததும் ரம்யாஸ்ரீ அந்தப் பேராசிரியரை இணையத்தில் தேடினாள். படம் இருந்தது. கண்ணாடி போட்ட, சிரிக்காத முகம். தன் பெயரில் இந்தச் சந்துக்குள் ஒருத்தி உட்கார்ந்திருப்பது அந்த முகத்துக்குத் தெரியாது.

மெயிலோடு வந்திருந்த படிவத்தைத் திறந்தாள். முதல் கேள்வி, கட்டுரையாளரோடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். எதையும் தொடாமல் கீழே இறங்கினாள். கட்டுரையில் உள்ள கணக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று அடுத்த கேள்வி. பார்க்காமல் எப்படிச் சொல்வது? கட்டுரையைத் திறந்தாள்.

முழுவதையும் அடித்தவள்தான். ஆனால் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அடிக்கும்போது கண்ணுக்கு எழுத்துதான் தெரியும்.

மூன்றாம் அட்டவணைக்கு வந்தாள். இருபத்து நான்கு கிணறுகள். 1.7, 1.9, 1.5 என்று போய்க்கொண்டிருந்த எண்கள் கடைசி நான்கு வரியில் மட்டும் 0.4, 0.4, 0.3, 0.5 என்று விழுந்து கிடந்தன. அலமாரியில் அசோக்குமாரின் கையெழுத்து நோட்டு இன்னும் இருந்தது. எடுத்து எண்ணினாள். எண்ணும்போது மட்டும் அவளுக்கு வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழிதான் வாயில் வரும். இருபது. மறுபடி எண்ணினாள். இருபதுதான்.

புரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டம் போட அலுப்பாக இருக்கும் என்று, பழைய ஆய்வேட்டு அட்டவணையை எடுத்து அதன்மேலேயே புது எண்களை அடிப்பது அவள் வழக்கம். இந்த முறை எடுத்தது வண்டியூர்த் தண்ணீரைப் பற்றி யாரோ செய்த ஆய்வு. அதில் இருபத்து நான்கு வரிகள். இருபதை மாற்றிவிட்டுக் கடைசி நான்கை அழிக்க மறந்திருக்கிறாள். சராசரியைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொண்டது, 1.4 என்று. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் ஃபுளோரைடு வரை இருந்தால் குடிக்கலாம் என்பது அளவு. அந்தச் சராசரியைப் பார்த்துத்தான் அசோக்குமார் 'பொதுவாகக் குடிக்கத் தகுந்த நீர்' என்று முடித்திருந்தான்.

நான்கு வரியையும் நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டாள். 1.6 வந்தது. அளவைத் தாண்டிய, குடிக்கக் கூடாத தண்ணீர்.

மறுபடி போன் போட்டதும் அரை மணி நேரத்தில் அசோக்குமார் பைக்கில் வந்து இறங்கினான். நோட்டையும் அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"தப்பு என்னுதுதான். நீங்களும் ஒரு தடவை எண்ணியிருக்கலாம்ல?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணும் கெட்டுப்போகலக்கா. அந்த டாக்டரம்மா எழுதுற மாதிரியே நீங்க எழுதுங்க, மூணாவது அட்டவணையைச் சரிபாக்கணும்னு. நான் திருத்தி அனுப்பிர்றேன். கணக்கும் சரியாயிரும், வேலையும் ஆயிரும்."

அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. ரம்யாஸ்ரீ கீபோர்டில் கையும் வைத்துவிட்டாள். ஆனால் மேலே அந்த முதல் கேள்வி, இரண்டு வட்டங்களோடு அப்படியே நின்றது.

"நானே அடிச்சு, நானே படிச்சு, நானே சரின்னு சொல்றதா தம்பி? இந்தத் தப்பு ஏதோ கண்ணுல பட்டுச்சு. நீங்க அனுப்புன பக்கத்தை அப்படியே ஒட்டியிருந்தா?"

"அதான் ஒட்டலையே."

"இன்னும் என்னென்ன கெடக்கோ. அதைச் சொல்ற படிப்பு எனக்கு இல்ல."

"அப்ப என்னைய மாட்டிவிடப் போறீங்க?"

"நானும் சேந்துதான மாட்டுறேன்?"

அவன் எழுந்து, நோட்டைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு போய்விட்டான். பைக் சத்தம் சந்துமுனையைத் தாண்டியது. பிறகு ரம்யாஸ்ரீ தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதழாசிரியருக்கு எழுதினாள். நான் டாக்டர் சுந்தரவல்லி இல்லை. தட்டச்சு செய்கிறவள். நீங்கள் கேட்ட இரண்டு பேராசிரியர்களின் பெயரிலும் மெயில் ஐடி திறந்தது நான். மூன்றாம் அட்டவணையின் கடைசி நான்கு வரிகள் இந்தக் கிணறுகளுடையவை அல்ல, அது என் பிழை. கீழே தன் பெயரையும் போன் நம்பரையும் போட்டு அனுப்பினாள்.

புதன்கிழமை ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. போன் சிணுங்கும்போதெல்லாம் யார் நம்பர் என்று பார்த்துவிட்டே எடுத்தாள். ஜாமீன் மனு அடிக்க வந்த வக்கீல் குமாஸ்தாவைக் கண்டு, அவளைத் தேடித்தான் வந்திருக்கிறாரோ என்று எழுந்தே நின்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. கட்டுரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம். உங்களையும் தொடர்பு கொள்ளக்கூடும். அந்தக் 'கூடும்' அவளை விடவே இல்லை. எப்போது? யார் வழியாக?

சாயங்காலம் சந்தில் பைக் வந்து நின்றது. அசோக்குமார். அவள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே வந்து நோட்டை மேஜைமேல் வைத்தான்.

"விளக்கம் கேக்குறாய்ங்க. காலேஜுக்கும் எழுதுவாய்ங்களாம். கடைசி நாளும் போச்சு."

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்னன்னு எழுதுறது?"

"நடந்ததைச் சொல்லுங்க. அடிக்கிறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அனுப்புறதுக்கு முன்னால ஒருக்கா நீங்க படிக்கணும்."

அவன் தலையை ஆட்டினான். அது சம்மதமா கோபமா என்று தெரியவில்லை. ரம்யாஸ்ரீ பழைய ஃபைல் எதையும் தொடாமல், வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.