டாக்டரம்மாவின் காரும் என் மாப்பிள்ளையும்

டாக்டரம்மாவின் கார் என் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டிப் பழனி ரோட்டில் மேற்கே போனபோது நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். வெளியே வந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எஞ்சின் பின்பக்கம் இருக்கும், ரேடியேட்டரே கிடையாது, காற்றிலேயே குளிரும் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் அது. அந்தச் சத்தம் திண்டுக்கல்லில் வேறு எந்த வண்டிக்கும் வராது. எங்கே போகிறது என்பதும் தெரியும். ரெட்டியார்சத்திரத்தில் என் தங்கை கணவர், அதாவது என் மாப்பிள்ளை, வைத்திருக்கும் ஷெட்டுக்கு.

மூன்று வருடமாக அந்தக் கார் என் கையில் இருந்தது. டாக்டரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கண் டாக்டர். கணவர் ஆசையாக வாங்கிய வண்டியை அவர் காலமான பிறகும் விற்காமல் ஞாயிறுதோறும் தானே ஓட்டிக்கொண்டு பழனி வரை போய்வருவார். அது என் வாசலில் நின்றாலே டீக்கடைக்காரர்கள் முதல் பஸ் டிரைவர்கள் வரை எட்டிப் பார்ப்பார்கள். நான் பாட்டுக்கு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளுக்குள் எவ்வளவு பெருமை என்று எனக்குத்தான் தெரியும்.

ஐப்பசி மாதம் ஆயில் ஒழுக்குக்காக அதன் எஞ்சினை இறக்கி ஏற்றினேன். மாசி முடிந்து வெயில் ஏறியதும் புதிதாக ஒரு தொல்லை தொடங்கியது. ஒட்டன்சத்திரத்தைத் தொடுவதற்குள் ஆயில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். ஆயிலை மாற்றிப் பார்த்தேன். டைமிங்கைச் சரிசெய்தேன். முள் இறங்கவில்லை.

"வெயிலு அம்புட்டு அடிக்குதும்மா. பழைய வண்டி, அப்படித்தேன் இருக்கும்" என்றேன்.

"போன வருஷமும் இதே வெயில்தானேண்ணே?" என்றார் டாக்டரம்மா.

நான் எஞ்சின் மூடியைச் சாத்தினேன். டாக்டரம்மாவுக்கு மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னது என் தங்கையேதான். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் நெய்க்காரப்பட்டி. கோயம்புத்தூரில் பழைய கார்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். என் வீட்டில் மிக்சி ஓடவில்லை என்றால்கூட என் மனைவி அவருக்குத்தான் போன் செய்வாள். நானும் மெக்கானிக்தான் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் மறந்துவிடும். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கடந்து வந்தவன், அந்தக் கார் போன அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

அதன் பிறகு தங்கையிடம் தினமும் போனில் பேசினேன், குழந்தைகளை விசாரிப்பதுபோல. அவள் சொன்ன ஒவ்வொன்றும் குத்தியது. மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க, அதன் சென்சாரைக் கழற்றி அவளுடைய பால் குண்டாவில் வெந்நீர் கொதிக்கவிட்டு முக்கிப் பார்த்தாராம். முள் சரியாக நூறில் நின்றதாம். மீட்டர் சரி, சூடும் நிஜம். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? பிறகு ஆயிலைக் குளிரவைக்கும் கூலரை இறக்கி, அதன் இடுக்குகளில் அடைந்திருந்த தூசியைக் கழுவினாராம். அப்படியும் முள் இறங்கவில்லை என்று தங்கை சொன்னபோது என் முகம் மலர்ந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள். "என்ன, நல்ல சேதியா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் மதியம் ஒரு பிரியாணிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். சமையலறைப் புகையை வெளியே தள்ளும் ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். போன புகை முழுக்க அந்த வழியாகவே திரும்ப உள்ளே வந்தது. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த எஞ்சினைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை உண்டு. கீழே சைலன்சர் சூடு. மேலே ஃபேன் இழுக்கும் குளிர்ந்த காற்று. இரண்டும் கலக்காமல் தடுப்பது அந்தப் பட்டை. எஞ்சினை இறக்கியபோது அது விறைத்துக் கிழிந்திருந்தது. தூசிக்காகப் போட்டது என்று நினைத்து நான்தான் பிய்த்துக் குப்பையில் எறிந்தேன். குளிர்காலத்தில் தெரியவில்லை. கோடையில் எஞ்சின் தன் சூட்டைத் தானே மூச்சிழுத்துக்கொண்டிருக்கிறது.

போனைக் கையில் எடுத்தேன். மாப்பிள்ளையின் நம்பர் வரைக்கும் போனேன். பிறகு சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

நான்கு நாட்கள் அப்படியே இருந்தேன். "சரியா சாப்புடுறதில்லண்ணே. அந்த வண்டிகிட்டயே கெடக்குறாரு" என்று தங்கை அழாத குறையாகச் சொன்னாள். கேட்க இனித்தது. இனித்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். "ஏனுங்க மச்சான், செத்த வந்துட்டுப் போறீங்களா? ஒண்ணு காட்டோணும்."

போனேன். டாக்டரம்மாவும் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை என் தங்கை பூக்கட்ட வைத்திருக்கும் நூலில் ஒரு முழம் எடுத்து, எஞ்சின் ஓரத்து இடைவெளியில் கீழிருந்து பிடித்தார். நூல் தொங்கவில்லை. விறைத்து நிமிர்ந்து, மேலே உள்ளுக்குள் போனது.

"கீழ இருக்கிற சூட்ட ஃபேன் மேல இழுக்குதுங்க. இங்க ஒரு ரப்பர் இருந்திருக்கோணும்" என்றார்.

"ரப்பர் எங்க போச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பட்டை உட்கார்ந்திருந்த பள்ளத்தில் ஒரு துணுக்கு ரப்பர்கூட ஒட்டியிருக்கவில்லை. யாரோ கையால் பிய்த்தெடுத்தது என்பது தொழில் தெரிந்த எவனுக்கும் புரியும். மாப்பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"வயசான ரப்பர் பாருங்கம்மா. தானா உதுந்து போயிருக்குமுங்க."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூளையும் அவருக்கு, பொறுமையும் அவருக்கு, இப்போது பெருந்தன்மையும் அவருக்கேவா?

"உதிரலம்மா" என்றேன். "நாந்தேன் பிச்சுப்போட்டேன். தேவையில்லன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா எழுந்து வந்து அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "தெரிஞ்சப்பவே சொல்லிருக்கலாமேண்ணே" என்றார். எப்போது தெரிந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நான்கு நாட்களைச் சொல்லியிருப்பேனா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

அன்றே டவுனுக்குப் போய், கதவுக்குப் போடும் கெட்டி ரப்பர் வாங்கிவந்தேன். மாப்பிள்ளை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் குனிந்து, இடைவெளி இல்லாமல் சுற்றிலும் பொருத்தினோம். என் பக்கத்து வேலை அவருடையதைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். அவர் பக்கமும் சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் டாக்டரம்மா அவரை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் வரை ஓட்டிப் பார்த்தார். நான் ஷெட்டிலேயே நின்றேன். திரும்பி வந்ததும் முதல் வேலையாக மீட்டரைப் பார்த்தேன். முள் பாதிக்குக் கீழே இருந்தது.

அந்தக் கார் இப்போது மாப்பிள்ளையிடம்தான் போகிறது. டாக்டரம்மா தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாதாரணக் கார் என்னிடம் வருகிறது. அதை விட்டுவைத்தாரே என்று நன்றியாக இருக்க வேண்டும். இருக்க முயல்கிறேன்.

சித்திரையில் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "நாந்தான் சமாளிச்சுட்டேனுங்களே மச்சான். நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"மனசு கேக்கல மாப்ள" என்றேன்.

அவர் அதை நம்பினார். "உங்க மனசு யாருக்கு வருமுங்க" என்று சொல்லி, தன் இலையிலிருந்த வறுவலில் பாதியை எடுத்து என் இலையில் வைத்தார்.