சந்திரகிரி வரும் முன் ஒரு மெட்டு

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில் அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறாராம். பேசிக்கொண்டே வந்தவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

திடீரென்று விழித்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "பேசாத தம்பி!" கண்களை மூடியபடியே ஒரு மெட்டை முனகினார்.

"கனவுல வந்துச்சு. கிறிஸ்மஸ் பாட்டுக்கு எத்தினி நாளா தேடிக்கினு கீறேன்! நீ பாடு, பாக்கலாம்."

கனவில் கலை பிறக்கும் என்று நண்பர்களிடம் அளக்கிறவன் நான். அதுவே கண்ணெதிரே நடந்ததும் பரபரப்பு தாங்கவில்லை. "ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிடலாம்மா!"

"வூட்லயும் ஃபோன்தான் கீது. நல்லாகீதா இல்லியான்னு அது சொல்லுமா? எங்க வூட்டுக்காரரு இருந்தப்ப எழுப்பி வெச்சுப் பாடுவேன். தூக்கத்துலயே சண்டைக்கு வருவாரு. இப்ப செவுருதான் கேக்குது."

பாடினேன்.

"மூக்கடைச்ச கோழியாட்டம் கீது," என்று சிரித்தார். "நடுவுல ஏன் எறக்கின? ஏறணும்."

"எறங்கினாத்தாம்மா நல்லாகீது," என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. என்னையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இன்னொருவாட்டி சொல்லு," என்றார். சந்திரகிரி வரும்வரை இருவரும் அந்த ஓர் இடத்துக்காகச் சண்டை போட்டோம். முடிவு வரும் முன் அவர் இறங்கவேண்டியதாயிற்று.

எந்தத் தேவாலயம் என்று கேட்க மறந்தேன். கிறிஸ்மஸும் போய்விட்டது. அந்த மெட்டு கடைசியில் ஏறியதா, இறங்கியதா?