ரங்கநாயகி திருப்பி அனுப்பிய பதக்கம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலயத்துக்கு வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரங்கநாயகியின் தம்பி சீனிவாசன், பல்லடத்திலிருந்து. "அக்கா போயிட்டாங்க. காலையில காப்பி கேட்டாங்க, போட்டுக் கொண்டு வர்றதுக்குள்ள..." என்றார். ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

அவளைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அஞ்சலிக் குறிப்புகளை நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். ஆனால் ஒவ்வொருவரும், கடைசிப் பத்திக்கு முந்திய பத்தியில், குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: அவ்வளவு பெரிய ஆராய்ச்சி வாழ்க்கையில் ஒரே ஒரு கவனக்குறைவு. அந்த வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. அந்தக் கவனக்குறைவு அவளுடையது அல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ரங்கநாயகி மூலக்கூறு மரபியல் அறிஞர். ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் நிற்கும் இரண்டு செடிகளில் ஒன்று வாடிச் சாகிறது, இன்னொன்று பிழைக்கிறது. அது ஏன் என்பதை மரபணுவுக்குள் தேடியவள். நான் அதே கல்லூரியில் புள்ளியியல் துறை. கால் நூற்றாண்டாகப் பக்கத்து அறை. அவளை 'அவர்' என்று எழுதினால் எழுந்து வந்து திட்டுவாள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

அவள் அப்பா பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். கோடையில் கோழிகள் செத்து விழும். குழியில் போட்டு மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற ரங்கநாயகியோ எந்த வரிசை, எந்தக் கூண்டு என்று குறித்துக்கொண்ட பிறகுதான் மூட விடுவாளாம். "செத்ததுக்கு எதுக்கு அம்மணி நோட்டு? இருக்கறத எண்ணுனாப் போதும்" என்று அப்பா சிரிப்பாராம். "இருக்கறது எப்படியும் கத்திக் காட்டிக்கும். செத்ததுதான் சேதி வெச்சிருக்கு" என்பது அவள் பதில். பிறகு இதையே எங்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். காது புளித்துப் போன மாணவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் அபிநயம் பிடித்துக் காட்டுவார்கள்.

வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து போயிருந்தோம். இலையில் கத்திரிக்காய்க் குழம்பு விழுந்ததும் ஒரு வாய் தின்றாள், எச்சில் கையோடு எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். சமையல்காரர் பதறிப்போனார். "ஏனுங்க, ருசி ஏதாச்சும் கொறைங்களா?" இவளோ காய் எந்த ஊர், யார் தோட்டம் என்று குடைந்தாள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் பழனிச்சாமி என்பவர் தோட்டம் என்றும், சுற்றிலும் வாடல் நோயில் செடிகள் செத்தாலும் அந்தக் கத்திரி மட்டும் நிற்கும் என்றும் சமையல்காரர் சொன்னார். மறுநாளே அங்கே போய் நின்றாள். அவளைப் புகழ்பெற வைத்த ஆராய்ச்சி அந்தக் குழம்பிலிருந்துதான் தொடங்கியது.

வாடலைத் தாங்கும் அந்தக் கத்திரியையும், தாங்காத பெரிய காய் ரகத்தையும் கலப்பினம் செய்தாள். அவற்றின் பிள்ளைச் செடிகளை மூன்று தோட்டங்களில் நட்டாள். எது சாகிறது, எது பிழைக்கிறது என்று பார்த்தால் காக்கிற மரபணு எங்கே இருக்கிறது என்று தெரியும். மூன்றில் ஒன்று பழனிச்சாமி அண்ணனுடையது. அந்தப் பருவத்தில் அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. "நீ போயி எண்ணிட்டு வந்துரு ஜெசி. செத்தத மட்டும் உட்ராத" என்று என்னை அனுப்பினாள்.

போனேன். தோட்டம் கண் நிறைந்து கிடந்தது. ஒரு குழிகூடக் காலியில்லை. அங்கங்கே சில செடிகள் மட்டும் சற்றுக் குட்டையாக, சுற்றிலும் மண் புதிதாகக் கிளறி ஈரமாக இருந்தது. பார்த்தேன். நோட்டில், 'அங்கங்கே குட்டைச் செடி, ஈர மண்' என்று எழுதவும் செய்தேன். பழனிச்சாமியின் மனைவி சரசக்கா வரப்பிலிருந்து கூப்பிட்டார். "வெயில்ல நிக்காதீங்க கண்ணு, மோரு குடிச்சுப்போட்டு எண்ணுங்க." குடித்தேன். நின்றதையெல்லாம் பிழைத்தது என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டேன்.

மற்ற இரண்டு தோட்டங்களின் கணக்கு நொண்டியது. இந்தத் தோட்டத்திலோ பிழைத்ததாக நான் எண்ணியவற்றில் எல்லாம் அதே மரபணு அடையாளம் இருந்தது, கணக்கு கோலம் போட்டதுபோல வந்தது. இவ்வளவு அழகாக ஒரு கணக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவள் நான். எனக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டுரை வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

கட்டுரை வந்தது. நான் பேராசிரியர் ஆனேன். டெல்லியில் மேடையேறி அவள் பதக்கம் வாங்கினாள். பழனிச்சாமி அண்ணன் தொண்டாமுத்தூரில் மிட்டாய் கொடுத்தாராம்.

பிறகு, புதிய கருவி வந்ததும், பழைய செடிகளின் மரபணுவை முழுதாகப் படித்துப் பார்த்தாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பினாள். "இதுக நம்ம பிள்ளைகளே இல்ல ஜெசி." பழனிச்சாமி தோட்டத்துச் செடிகளில் கணிசமானவற்றில் பெரிய காய் ரகத்தின் அடையாளம் துளிகூட இல்லை.

அன்று சாயங்காலமே போனோம். அண்ணன் மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். "ஆமாங்க, பட்டுப்போன குழியில எல்லாம் நம்ம பழைய கத்திரி நாத்த வெச்சு பாடுவாசி போட்டு நெரப்பிட்டமுங்க. அதே வயசு நாத்து பக்கத்துல இருந்துச்சு. நீங்க அத்தன பாடுபட்டுக் குடுத்தது, தோட்டம் சொட்டையாக் கெடந்தா உங்க மனசு என்ன பாடுபடும்? எங்களுக்கும் மரியாத இல்லீங்களே." செத்த செடிகளைப் பார்க்கத்தான் அந்தத் தோட்டமே. விருந்தாளியின் கண்ணுக்குக் குறை தெரியக்கூடாதென்று அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டார். ரங்கநாயகி அவரை ஒரு சொல் சொல்லவில்லை. சரசக்கா கொடுத்த காப்பியைக் குடித்தாள். பேரூர் தாண்டும்போது சொன்னாள். "எதுக்குச் சாக உடறோம்னு நான் அவருகிட்டச் சொல்லவே இல்ல பாரு."

நான் சண்டை போட்டேன். அந்தத் தோட்டத்தை மட்டும் சத்தமில்லாமல் நீக்கிவிடலாம், மிச்சத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்றேன். "நொண்டறத ஓடுதுன்னு எழுதச் சொல்றியா?" என்று கேட்டாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை என் எதிரிலேயே தட்டச்சு செய்தாள். பழனிச்சாமியின் பெயர் இல்லை. என் பெயர் இல்லை. தவறு முழுவதும் தன்னுடையது, வயலைப் பார்த்துக்கொண்டவருக்கு நோக்கத்தை விளக்கவில்லை என்று மட்டும் எழுதினாள். எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ வேற ஏதாச்சும் சேக்கோணுமா?"

"ஒண்ணுமில்ல."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவினாள், துடைத்தாள், கவிழ்த்து வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அவ்வளவுதானா ஜெசி?"

"அவ்வளவுதான்."

அனுப்பிவிட்டாள். அவள் மேஜையில் என் வயல் நோட்டு இருந்தது. அதை வரிவரியாகப் படிக்காமல் அப்படியொரு கடிதத்தை எழுதுகிறவள் அல்ல அவள்.

பதக்கத்தையும் திருப்பி அனுப்பினாள். திரும்பப் பெற்றுக்கொள்ள விதி இல்லை என்று அது வந்த வழியே வந்துவிட்டது. விதைப் பொட்டலங்கள் காற்றில் பறக்காமல் இருக்க அதை மேலே வைத்தாள். அதே தோட்டத்தில், அதே அண்ணனுக்கு இந்த முறை எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, முதலிலிருந்து நட்டாள். இன்னும் ஒரு பருவம் பாக்கி. தொண்டாமுத்தூருக்குப் போகும்போதெல்லாம் காரில் எனக்கு வாய்வரைக்கும் வரும். அவளோ, ஊருக்குள் யானை புகுந்து வாழையை மிதித்த கதையைப் பேசிக்கொண்டு வருவாள். அறுவடை முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

பல்லடத்தில் காரியம் முடிந்தபோது பழனிச்சாமி அண்ணன் பந்தலுக்கு வெளியே ஒதுங்கி நின்றார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். "நாங்க நாத்து வெச்சதுனாலதானுங்களே மேடத்துக்குக் கெட்ட பேரு? தோட்டத்துக்குப் போகவே காலு வர மாட்டேங்குதுங்க" என்றார்.

"இல்லீங்கண்ணா. நான் அன்னிக்கே பாத்தேன். பாத்துப்போட்டு ஒரு வார்த்தை கேக்காம வந்தேன்."

"மேடத்துக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

"அப்பறம் ஏனுங்க நீங்க சொல்லல?"

இன்று காலை அந்த ஆய்விதழுக்குக் கடிதம் எழுதி, நோட்டின் பக்கத்தையும் படியெடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. கல்லூரியில் என்ன பேசுவார்கள் என்பது தெரியும். பேசட்டும்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வயல் நோட்டுதான். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவள் அனுப்பிய மறுநாள் காலை, நான் வருவதற்கு முன்பே, அதை என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். கிழிக்கவில்லை, அடிக்கோடு போடவில்லை, ஒரு சொல் எழுதவில்லை. நானே அதை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு வருவேன் என்று நம்பியிருக்கிறாள். பத்தடி தூரம். அதன் பிறகு ஆறு வருடம் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.