ரங்கூனில் எடுத்த படம்

பழைய புகைப்படங்களை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்கிறேன். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் கப்பலேறித் திரும்பிய குடும்பங்களின் முகங்கள்தான் அவற்றில் அதிகம். இதை எப்போது ஆரம்பித்தீர்கள் என்று கண்காட்சிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கல்லூரியில் என்று சொல்லிவைப்பேன். உண்மையில் ஐந்தாம் வகுப்பில் ஆரம்பித்தது.

அப்போது நாங்கள் சங்ககிரியில் இருந்தோம். அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு லாரி உதிரிபாகக் கடை. அம்மாவின் தகப்பனார் ரங்கூனில் துணி வியாபாரம் செய்து, அங்கேயே ஒரு பர்மியப் பெண்ணை மணந்தவர். அந்த நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தபோது மூன்று வயது மகளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி வரவில்லை. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

அம்மா தன் தகப்பனார் ஜாடை. அந்தப் பர்மியப் பெண்ணின் சின்னக் கண்களும் சப்பை மூக்கும் அம்மாவைத் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்திருந்தன. பள்ளியில் என்னைச் சைனாக்காரி என்றார்கள். அத்தாவின் அக்காவான மாமி என் கையில் அதிரசத்தை வைத்துக்கொண்டே, "இதைய எங்க கட்டிக் குடுக்கறது" என்று அம்மாவிடம் கவலைப்படுவார். பாசக்காரர்தான்.

குடும்பப் படங்களை அட்டையில் ஒட்டி வரும்படி டீச்சர் சொன்னார். அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, பீரோவில் புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்துத் தந்தார். அம்மாவின் தகப்பனார் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் லுங்கி கட்டி, கொண்டையில் பூவோடு அந்தப் பெண் நின்றிருந்தார். என் முகமேதான்.

அதை வகுப்பில் எப்படிக் காட்டுவது? பிளேடால் முகத்தை வெட்டியெடுத்தேன். மாமியின் கல்யாணப் படம் வீட்டில் மூன்று பிரதி இருந்தது. அதிலிருந்து மாமியின் சிவந்த, எடுப்பான முகத்தை வெட்டி அங்கே ஒட்டினேன். லுங்கியின்மேல் ஜவுளிக்கடை விளம்பரத்துப் பட்டுப்புடவை. வேலை சுத்தமாக வந்திருந்தது. டீச்சர் சுவரில் மாட்டிவிட்டார்.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வந்தார். அந்த அட்டையின் முன்னால் அசையாமல் நின்றார்.

"உங்க அம்மாவுங்களா? என்ன லட்சணமா இருக்காங்க" என்றார் டீச்சர்.

அம்மா என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மெதுவாகக் கேட்டார். "வெட்டுனது எங்க கண்ணு?"

"கூட்டித் தள்ளிட்டேம்மா."

கொல்லைப்புறக் குப்பைக்குழியில் அம்மா இறங்கினார். சாம்பலையும் காய்கறித் தோலையும் கையாலேயே அலசினார். பொழுது சாயும்வரை தேடினார். கிடைக்கவில்லை. முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து சோறு போட்டார். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று வயதில் பிரிந்துவந்தவருக்குத் தன் தாயின் முகம் என்று இருந்தது அந்தப் படத்தில் மட்டும்தான். பத்து வயதில் எனக்கு அது தெரியவில்லை.

அதற்குப் பிறகு தலை வாரும்போது அம்மா என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, சீப்பைக் கீழே வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே இருப்பார். கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துப் பயந்து நான் கண்களை இறுக மூடிக்கொள்வேன்.

"கண்ணத் தொற சாமி" என்பார் அம்மா. "செத்த நேரம் தொறந்து வெச்சிரு."