செல்வராணி தடுப்பைத் தாண்டிப் போன நாள்

டாக்டர் செல்வராணி மாரடைப்பில் இறந்த செய்தி, பல் மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு காலை வணக்கங்களுக்கு நடுவே வந்தது. எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். அரசு மருத்துவமனையில் அவரோடு ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அவருடைய பெருமை குழுவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

கொரோனா ஊரடங்கில் அவசர நோயாளிகளை மட்டுமே பார்க்க வேண்டும் என்று உத்தரவு. எது அவசரம் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. இரண்டு மாஸ்க், முகத்துக்கு முன் பிளாஸ்டிக் திரை, அதற்கும் முன் கண்ணாடித் தடுப்பு. இவ்வளவுக்கும் பின்னால் நான் மிகவும் தைரியமாக இருந்தேன். யாரையும் வாயைத் திறக்கச் சொன்னதில்லை.

குத்தாலம் பக்கத்தில் எங்கள் ஊரைச் சேர்ந்த பாக்கியம், நடவு வேலைக்குப் போகிறவர். தாடை வீங்கி வந்தார்.

“வலி எப்படி இருக்கு?”

“கொஞ்சமாத்தாங்கய்யா.”

மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் மறுபடி வந்தார். வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

“முழுங்க முடியுதா?”

“முடியுதுங்கய்யா.”

சீட்டில் ‘அவசரமில்லை’ என்று எழுதினேன். பின்னால் நின்ற செல்வராணி அதைப் பார்த்துவிட்டார்.

“எச்சிலை முழுங்க முடியாம முந்தானைல துடைச்சிக்கிட்டு நிக்கிறாங்க. கண்ணு தெரியலையா சார்?”

“முடியுதுன்னுதானே சொல்றாங்க?”

“பண்ணை வீட்டுப் புள்ளைகிட்ட வேற எப்படிச் சொல்லுவாங்க? நடவுக்குப் போன எங்கம்மாவா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருக்கும்.”

எங்கள் நிலம் உச்சவரம்புச் சட்டத்தில் போய்ப் பல காலமாயிற்று. அதில் வேலை செய்தவர்களின் தயக்கத்தை எந்தச் சட்டமும் எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

செல்வராணி தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். “வாங்கக்கா, உள்ள வந்து உக்காருங்க. ஐயாவை விடுங்க, எங்கிட்ட சொல்லுங்க.”

நாற்காலியில் உட்கார்ந்ததும் பாக்கியம் அழுதார். “உசுரு போவுதும்மா. மூச்சு விட முடியல.”

வீக்கத்தைக் கீறிச் சீழை வெளியேற்றினார் செல்வராணி. உறிஞ்சுகுழாயைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். நான் கவச உடை தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைத்தபோது பாக்கியம் தஞ்சாவூருக்குப் போகும் ஆம்புலன்ஸில் இருந்தார். பிழைத்துக்கொண்டார்.

“நோயாளி மரியாதைக்காகப் பொய் சொல்லுவாங்க சார். வீக்கம் பொய் சொல்லாது.” இதற்குமேல் செல்வராணி என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சுதந்திர தினத்தில் எங்கள் பிரிவின் சேவைக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பொறுப்பு மருத்துவர் என்ற முறையில் நான் மேடையேறி வாங்கினேன். செல்வராணி கீழே நின்று கைதட்டினார். கிண்டலாகத் தட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனதாரத் தட்டினார்.

அந்தச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு என் கிளினிக்கில் மாட்டியிருக்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதில் என் பெயர் இருக்கிறது. இதுவரை கழற்றவில்லை.