இடது பக்கத்து வலைப்பை

லிஃப்ட்காரருக்கு இருபத்தாறு வருடப் பழுதுபார்ப்பு வேலையில் ஒரே ஒரு பயம்தான் உண்டு. கையிலிருந்து ஏதாவது நழுவிக் கீழே விழுந்துவிடக் கூடாது. பதினாலாவது மாடியில், லிஃப்ட் ஓடும் குழிக்கு மேலே நின்று வேலை பார்க்கிறவன் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் வைத்துக்கொள்ளக் கூடாது. குனிந்தால் போச்சு. அது அடி போய்ச் சேரும்போது அங்கே ஒரு தலை இருந்தால் அந்தத் தலைக்கு அதுவே எமன். ஆகவே எதையும் கயிற்றில் கட்டி இடுப்பில் மாட்டுவார், இல்லையென்றால் ஜிப் போட்ட உள்பைக்குள் வைத்து மூடுவார். வீட்டிலும் அதே கைதான். சாவிக்கொத்து மேசை ஓரத்தில் கிடந்தால் அவர் பேசிக்கொண்டே அதை நடுவுக்குத் தள்ளிவிடுவார். "உங்கப்பா இருக்கற வீட்ல எதுவும் கீழ விழறதுக்கு அனுமதி கெடையாது" என்று அவர் மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மனைவி போய் இரண்டு வருடமாகிறது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மூச்சு முட்டும்போது வாயில் வைத்து அழுத்துகிற இன்ஹேலருக்கு அந்த வீட்டில் 'விசில்' என்று பெயர். "விசில் எங்க?" என்று ஒருவர் கேட்டால், மற்றவர் கை நீட்டிக் காட்டுவார். அவள் வெளியூர் கொண்டுபோகும் முதுகுப்பையில் பதினோரு அறைகள். விசிலின் இடம் இடது பக்கத்து வலைப்பை. பையை முதுகிலிருந்து இறக்காமலேயே கையைப் பின்னால் விட்டு எடுத்துவிடுவாள்.

அந்த வலைப்பையின் எலாஸ்டிக் தளர்ந்துபோயிருந்ததை, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம் அவர் பார்த்தார். கை சும்மா இருக்கவில்லை. விசிலை எடுத்து, மேல்மூடிக்கு அடியில் இருந்த உள்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அவள் அடுக்களையில் இருந்தாள். பிறகு ஏதோ போன் வந்தது. மறந்தார்.

மறுநாள் ரயில் நிலையத்தில் அவர் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். பையின் இடது பக்கத்து ஜிப்புகள் எல்லாம் திறந்து கிடந்தன. அவள் கை வலைப்பைக்குள் இருந்தது. அவருக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. மேல்மூடியைத் தூக்கி இரண்டு நொடியில் எடுத்துக் கொடுத்தார். அதை இழுத்துக்கொள்ள அவளிடம் மூச்சு இல்லை.

"அத்தனை ஜிப்பு எதுக்கு ஒரு பைக்கு? அவசரத்துல மனுஷி எதைன்னு தொறப்பா? பாவம், கொழம்பிட்டா" என்றார்கள் உறவுக்காரர்கள். யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. காரியம் முடிவதற்குள் அதுவே கதையாகிவிட்டது. அவர் மறுக்கவில்லை. அன்றிலிருந்து, கதவு மூடிய லிஃப்டுக்குள் நின்றுகொண்டு வெளியே யாரோ பேசுவதைக் கேட்பது போலத்தான் அவருக்கு எல்லாம் கேட்கிறது. சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், துணி மடிக்கிறார். அழவில்லை. அழாததை எல்லோரும் தைரியம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மகளுக்கு இருபத்துமூன்று வயது. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தவை இரண்டு: சுருள் முடியும், இழுப்பும். ஒரு காலையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, திங்கக்கெழம நாங்க நாலு பேர் மலை ஏறப் போறோம். அஞ்சு நாள் நடை. சனிக்கெழம என்கூட பை வாங்க வாங்க."

"டாக்டர் சரின்னாரா?"

"சரின்னுட்டார். விசில் ரெண்டு எடுத்துக்கச் சொன்னார். ஏன் இப்படிப் பாக்கறீங்க? போக வேணாம்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல. என்ன பைன்னு யோசிக்கறேன்."

"அதுல யோசிக்க ஒண்ணுமில்ல. சாக்கு மாதிரி ஒரே வாய். ஒரு அறை. அவ்ளோதான். அம்மா மாதிரி ஜிப்பு ஜிப்பா தேடிக்கிட்டு நிக்க நான் தயாரா இல்ல."

அவர் மேசை ஓரத்திலிருந்த கோப்பையை நடுவுக்குத் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை ஒரு அலுவலகக் கட்டடத்தில் வேலை. கூட வேலை செய்கிறவருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். அணைக்கிற பொத்தான் கிடையாது. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, முதுகுப்பையில் எது நல்லது என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"இதென்னண்ணே கேள்வி? இந்தப் பெட்டியப் பாருங்க. பழைய மாடல்ல எட்டு ரிலே. எது போச்சுன்னு மூக்காலயே கண்டுபிடிச்சேன். இதுல நூத்தியிருவது சமாச்சாரம். ஆனா இதுவே எங்க கோளாறுன்னு எழுதியும் காட்டுது. அப்ப எது சிம்பிள்? சொல்லுங்க. பாகம் கம்மியா இருக்கறதா, பாக்கறவனுக்கு வேலை கம்மியா இருக்கறதா?"

"நீ சொல்லு."

"நான் சொல்லிடுவேன். என் சம்சாரம் கைப்பையில மொத்தம் ஒரே அறை. அதுல போன் அடிச்சா எடுக்கறதுக்குள்ள கூப்ட்டவன் ரிட்டையராயிடுவான்."

லிஃப்ட்காரர் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தார். பிறகு, இடம் மாற்றிப் பொருத்திய ஒரு சுவிட்சுக்கு மஞ்சள் அட்டை எழுதினார். அந்த வேலையில் அது சட்டம். எதைத் தொட்டு மாற்றினாலும் தேதி, மாற்றியது என்ன, மாற்றியது யார் என்று மூன்று வரி எழுதி, அடுத்து வருகிறவன் கண்ணில் படுகிற மாதிரி தொங்கவிட வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒரு அட்டைகூட அவர் விட்டதில்லை. எழுதி முடித்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"அண்ணே, அட்டைக்கு மூக்குக் கண்ணாடி வேணுமா, உங்களுக்கா?" என்றது ரேடியோ.

சனிக்கிழமைக் கடையில் கூடாரங்களும் காலணிகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. கடைக்காரம்மாள் ஆண்களைப் போல் முடி வெட்டிக்கொண்ட, ஐம்பது வயதுக்காரர். மகளைச் சுற்றி வந்து கண்ணாலேயே அளவெடுத்து, இரண்டு பைகளை மேடையில் வைத்தார்.

முதலாவது கருநீலம். மேல்மூடியில் இரண்டு அறை, முன்னால் ஒன்று, இடுப்புப் பட்டையில் இரண்டு பக்கமும் குட்டிப் பைகள், அடியில் படுக்கைக்குத் தனி வாசல், மழைக்கு உறை, முதுகு உயரத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கச் சட்டம். கண்டபடி வார்கள். இரண்டே கால் கிலோ. இரண்டாவது சாம்பல் நிறம். ஒரு பெரிய குழாய், அதன் வாயைச் சுருட்டி மாட்ட ஒரு கொக்கி, இரண்டு தோள்வார். ஒரு கிலோகூட இல்லை.

"அஞ்சு நாள் நடந்தா ஒவ்வொரு கிராமும் பேசும். ஆனா இடுப்புப் பட்டை இல்லாத பை மொத்தமா தோள்ல உக்காரும். எதுக்கும் ஒரு வலி உண்டு. எந்த வலி உங்களுக்குத் தோதுன்னுதான் பாக்கணும்" என்றார் கடைக்காரம்மாள்.

"இதுதான்" என்று மகள் சாம்பல் பையைத் தொட்டாள்.

"இரு கண்ணு" என்றார் லிஃப்ட்காரர்.

இரண்டு பையையும் கடையிலிருந்த ஜாக்கெட்டுகளாலும் போர்வைகளாலும் நிரப்பச் சொன்னார். விசில் அளவில் ஒரு பசைக்குழாயை மேடையிலிருந்து எடுத்தார். லிஃப்ட் கதவு மூட எத்தனை நொடி என்று பார்ப்பதற்குப் போனில் அவர் வைத்திருந்த கடிகாரத்தைத் திறந்தார். "கண்ண மூடிக்க. மூச்சு முட்டுதுன்னு வச்சுக்க. எடு."

"அப்பா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எடு."

சாம்பல் பையில் முதல் தடவை ஒன்பது நொடி. அவர் பையைத் தூக்கிக் குலுக்கினார், நடந்தால் குலுங்குமே என்று. இரண்டாவது தடவை முப்பது. இன்னும் குலுக்கியபின் நாற்பத்தெட்டு. பசைக்குழாய் போர்வைகளுக்கு நடுவே அடிக்கு இறங்கிவிட்டிருந்தது. கருநீலப் பையில், இடுப்புப் பட்டைப் பையில் மகளே வைத்து மகளே எடுத்தபோது மூன்று நொடி. எத்தனை குலுக்கினாலும் மூன்று. கடைக்காரம்மாளுக்கு விளையாட்டுப் பிடித்துப்போயிற்று. "இப்ப நான் வைக்கறேன்" என்று மகளைத் திரும்பி நிற்கச் சொல்லி எங்கேயோ வைத்தார். மகள் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்தாள். ஒரு நிமிடம் தாண்டியதும் கையை உதறிக் கண்ணைத் திறந்தாள்.

"பாத்தீங்களா! இதேதான். அம்மா செத்ததும் இப்படித்தான். எனக்குச் சாக்குதான் வேணும். நாப்பத்தெட்டு நொடின்னாலும் அதுல இருக்குன்னாவது தெரியும். அம்மா மாதிரி எங்க வச்சோம்னு மறந்துட்டு முழிக்க மாட்டேன்."

போனில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. லிஃப்ட்காரர் அதை நிறுத்தினார்.

"அம்மா மறக்கல" என்றார்.

"என்னப்பா?"

அவருக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. அட்டையில் எழுதுகிற வரிசையிலேயே சொன்னார். "தேதி, கெளம்பறதுக்கு முந்தின நாள் சாயந்திரம். மாத்தினது, விசில். எடது வலைப்பையிலேர்ந்து மேல்மூடி உள்பைக்கு. மாத்தினது நான். அவகிட்ட சொல்லல. அவ சரியான எடத்துலதான் தேடினா."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு பழுதைப் பற்றிக் கட்டட மேலாளரிடம் சொல்வது போலவே வந்தது. கடைக்காரம்மாள் எதையோ தேடுகிறவர் போலப் பின்னறைக்குப் போய்விட்டார்.

மகள் கருநீலப் பையின் ஜிப்புகளை ஒன்றொன்றாக மூடினாள். எல்லாவற்றையும் மூடி முடித்தாள்.

"ரெண்டு வருஷமா நான் அம்மாவைத் திட்டிட்டிருந்தேன்" என்றாள். "மனசுக்குள்ள. ஒரு விசில் எடம்கூட ஞாபகம் இல்லாமப் போச்சான்னு. நீங்க பக்கத்துலயே உக்காந்து சாப்ட்டுட்டிருந்தீங்க."

"ஆமா."

"அம்மா கொழம்பிட்டான்னு சித்தி சொல்றப்ப எல்லாம் கேட்டுட்டே இருந்தீங்க."

"ஆமா கண்ணு."

"என் பையை நீங்க தொடவே கூடாது. இனிமே எப்பவும். புரியுதா?"

"சரி."

அவள் கருநீலப் பையை எடுத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் அதைத் தானே சுமந்து, இரண்டடி முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார். நெஞ்சில் பாரம் குறையும் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தார் போலும். குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கதவு மூடியேதான் இருந்தது. ஆனால் வெளியே பேசுகிறவள் இப்போது அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் மகளின் அறையிலிருந்து ஜிப் சத்தம் கேட்டது. திறப்பாள், மூடுவாள், எண்ணுவாள், மறுபடி திறப்பாள். இடையில் ஒருமுறை சித்திக்குப் போன் போட்டு, "அம்மா கொழம்பலை சித்தி. நான் அப்புறம் சொல்றேன். இனிமே யார்கிட்டயும் அப்படிச் சொல்லாதீங்க" என்றாள். சமைத்தது அவர். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட்டாள். கூடத்தில் பை நிறைந்து நின்றபோது, தண்ணீர் பாட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எந்த நேரமும் விழுகிற மாதிரி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கை எழுந்தது. உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் பாட்டில் விழுந்தது. மகள் வந்து எடுத்து, அவரைப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி செருகினாள்.

திங்கட்கிழமை காலை பேருந்து நிறுத்தத்துக்கு அவரும் போனார். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. தோழிகள் மூவரும் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். மகள் அவர்களை வரிசையாக நிற்க வைத்து, இடுப்புப் பட்டையின் இடது பையைத் திறந்து காட்டினாள். "விசில் இங்க. இன்னொண்ணு மேல்மூடில, வலது. எடத்தை மாத்த மாட்டேன். நீங்களும் மாத்தாதீங்க." ஒருத்தி சல்யூட் அடித்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பேருந்து வந்துவிட்டது. தோழிகள் ஏறினார்கள். மகள் படியில் ஒரு காலை வைத்தவள், இறங்கி, நாலடி தள்ளி நின்ற லிஃப்ட்காரரிடம் வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. முதுகைத் திருப்பாமல், இடது பக்கத்தை மட்டும் அவர் பக்கமாக ஒருக்களித்து, இடுப்புப் பையின் ஜிப்பை இழுத்தாள்.

"பாத்துக்கோங்க. இங்க இருக்கு."

லிஃப்ட்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நீல நிற விசில், தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. அந்தப் பையின் ஜிப் நல்ல இறுக்கம்.

"பாத்துட்டேன்" என்றார்.

அவள் மூடினாள். ஏறினாள். பேருந்து கிளம்பி, திருப்பத்தில் மறைந்தபிறகுதான் கைகளைப் பிரித்தார். ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவற்றை உதறிவிட்டுக்கொண்டே வேலைக்கு நடந்தார்.